இழுபடாத டேப்

ஆஸ்பத்திரியில் அவளுடைய சொந்தப் பெயர் புழக்கத்திலிருந்து போய் வெகு காலமாகிவிட்டது. டேப்பம்மா என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பாள். பிரசவ அறையை ஒட்டிய சின்ன அறை அவளுடையது. பிறந்த குழந்தையைத் துடைத்து, எடை போட்டு, நீளம் பார்த்து, தலைச் சுற்றளவு எடுத்து, துணியில் சுற்றித் தாயிடம் சேர்ப்பது வேலை. நர்ஸ் படிப்புப் படித்தவள் அல்ல. தரை துடைக்க வந்தவள். ஆள் இல்லாத ஒரு நாள் குழந்தையைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளக் கூப்பிட்டார்கள். பிடித்தவள் அந்த அறையிலேயே தங்கிப்போனாள்.

தலை அளப்பதில் அவளுக்கென்று ஒரு முறை உண்டு. புருவத்துக்கு மேலே, காதுக்கு மேலே, பின்மண்டையில் எங்கே அதிகம் புடைத்திருக்கிறதோ அதன் மேலே டேப்பைச் சுற்றுவாள். மயிர் படிகிற அளவுக்கு இழுத்துப் பிடிப்பாள். ஒரு தடவை எடுத்ததை நம்ப மாட்டாள். எடுத்துவிட்டுப் பிரித்து, மறுபடி சுற்றி, மறுபடி பிரித்து, மூன்று தடவை எடுத்ததில் எது பெரியதோ அதைத்தான் சொல்வாள். புடைப்பைத் தவறவிட்டால் அளவு குறையும், சரியாகச் சுற்றினால்தான் பெரியது கிடைக்கும் என்பது காரணம்.

டேப்பின் மேல் அவளுக்கு எப்போதும் சந்தேகம். ஆஸ்பத்திரியில் கொடுப்பது துணி டேப். இழுத்து இழுத்து, ஸ்பிரிட்டில் துடைத்துத் துடைத்து, நாளாக ஆக அது நீண்டுவிடும். நீண்ட டேப்பில் கோடுகள் விலகி நிற்கும். முப்பத்துநாலு சென்டிமீட்டர் தலையை முப்பத்துமூன்று என்று குறைத்துச் சொல்லும். அதனால் வாரம் பிறந்ததும் ஸ்டோர் ரூமிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்து வந்து, எல்லா டேப்பையும் அதன்மேல் படுக்க வைத்துப் பார்ப்பாள். ஒரு கோடு தள்ளி இருந்தாலும் குப்பைக்கூடைதான்.

"டேப்புக்கே டேப் வெச்சு அளக்கறியே, உன்னைக் கட்டினவன் ஏன் ஓடிப்போனான்னு இப்பத்தான் புரியுது" என்பாள் வார்டு கூட்டுகிறவள். வாய்த்துடுக்கானவள், ஆனால் டேப்பம்மாவுக்கு அங்கே இருந்த ஒரே சிநேகிதி அவள்தான்.

"அவன் எங்க ஓடினான்? அளவு சரியில்லன்னு நான்தான் திருப்பி அனுப்பிட்டேன்."

சிரித்துக்கொண்டே சொல்வாள். சொல்லிவிட்டு அடுத்த டேப்பை எடுப்பாள்.

அந்த ஆள் போனபின் அவளுக்கென்று மிஞ்சியது தங்கை. தாய் போனபோது தங்கைக்குப் பால்பல் விழவில்லை. தலை வாரி, பள்ளிக்கு அனுப்பி, வேலைக்கு அனுப்பி, ஒருவன் கையில் பிடித்துக் கொடுத்தவள் இவள்தான். பிடித்துக் கொடுத்தபின்னும் பிரியவில்லை. மூன்றாவது மாடியில் இரண்டு அறை வீடு. ஒன்றில் தங்கையும் அவள் புருஷனும் பிள்ளையும். இன்னொன்றில் இவளும், துணி காயப்போடும் கொடியும், தங்கையின் தையல் மிஷினும். தங்கை ஒரு கம்பெனிக்குச் சட்டைக் காலர் தைத்துக் கொடுப்பாள். அவள் புருஷன் லிப்ட் மெக்கானிக். அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் லிப்ட் மட்டும் ஓடாது.

"மாப்பிள்ளை, ஊரையே ஏத்தி இறக்கறீங்க, நம்ம படிக்கட்டுக்கு ஒரு வழி பண்ணக்கூடாதா?" என்று இவள் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்பாள்.

"அண்ணி, அது கம்பெனி வேற. கை வெச்சா கேஸ் போட்டுடுவாங்க. நீங்க ஏறுங்க, முட்டிக்கு நல்லது."

பிள்ளைக்கு அப்போது இரண்டு வயது தாண்டியிருந்தது. வாயில் எச்சில் நிற்காது. சட்டை கழுத்து எந்நேரமும் ஈரம். அப்பன் அவனை ஜொள்ளு மகாராஜா என்பான். குழந்தைகள் காப்பகத்தில் பகலெல்லாம் இருந்துவிட்டு வருவான். வரும்போது மூக்கிலும் வாயிலும் ஏதாவது ஒழுகும். வந்தவுடன் அம்மா மடியில் ஏறி, பாதி கடித்த பிஸ்கட்டை அவள் வாயில் திணிப்பான். அவள் தின்பாள். அவன் மிச்சம் வைத்த வாழைப்பழம், ரொட்டித்துண்டு, பால் டம்ளரின் அடி, எல்லாம் அவளுக்குத்தான். கரண்டியில் கஞ்சி எடுத்தால் முதலில் தன் உதட்டில் வைத்துச் சூடு பார்த்து அவனுக்கு ஊட்டுவாள். அவன் துப்பினால் அதே கரண்டியைத் தன் வாயில் வழித்துவிட்டு அடுத்த வாய் எடுப்பாள். இதெல்லாம் ஒரு விஷயம் என்று யாருக்கும் தோன்றியதில்லை. பெற்றவள் பிள்ளையின் எச்சிலைத் தின்பதை யார் கணக்கெடுப்பார்கள்?

இரண்டாவது தங்கியிருக்கிறது என்று தெரிந்து கொஞ்ச நாளில் தங்கைக்குக் காய்ச்சல் வந்தது. தொண்டை கட்டி, கழுத்தில் நெறி கட்டி, கை காலெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி வலி. இரண்டு மூன்று நாள் படுத்தாள். பையனுக்கும் அப்போது சளி. "அவன்கிட்ட இருந்து ஒட்டிக்கிச்சு, வேற என்ன" என்று இவள்தான் சொன்னாள். அது உண்மை. எவ்வளவு உண்மை என்று அப்போது தெரியாது. காய்ச்சல் போய்விட்டது. ஐந்தாம் மாதத்தில் எடுத்த ஸ்கேனில் எல்லாம் சரி என்றார்கள். பிறகு ஒன்று எடுக்கச் சொன்னதைக் காலர் வேலை குவிந்ததால் தங்கை தள்ளிப்போட்டாள். தள்ளிப்போட்டது அப்படியே தள்ளிப் போய்விட்டது.

பிரசவம் அக்காவின் ஆஸ்பத்திரியிலேயே. பெண் குழந்தை. பிரசவ அறையிலிருந்து நர்ஸ் சிரித்துக்கொண்டே கொண்டுவந்து இவள் கையில் கொடுத்தாள். "இந்தா டேப்பம்மா, உன் வீட்டுச் சரக்கு. நீயே அளந்துக்கோ."

துடைத்தாள். எடை கொஞ்சம் குறைவு, பயப்படும்படி இல்லை. உடம்பில் அங்கங்கே ஊசி குத்தின மாதிரி சிவப்புப் புள்ளிகள். நெற்றி சட்டென்று பின்னால் சரிவதுபோல் இருந்தது. ஆயிரக்கணக்கான தலைகளைப் பிடித்த கை அது. கை பிடித்தவுடனேயே தெரிந்துகொண்டது. அவளுக்குத்தான் தெரிந்துகொள்ள மனமில்லை.

டேப்பைச் சுற்றினாள். முப்பத்தொன்று. பிரித்துச் சுற்றினாள். முப்பத்தொன்று. மூன்றாம் தடவையும் அதே. முழு மாதம் தாண்டிப் பிறந்த குழந்தைக்கு அது ஆகாத அளவு. வேறு யார் வீட்டுக் குழந்தையாக இருந்தாலும் அந்த நிமிடமே சிஸ்டரைக் கூப்பிட்டிருப்பாள்.

டேப்பை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். ஓரத்தில் நூல் பிரிந்திருப்பதுபோல் பட்டது. இழுபட்டிருக்கும், என்று நினைத்தாள். இழுபட்ட டேப் குறைத்துத்தான் காட்டும். அது அவளுக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? தலை வேறு வரும் வழியில் நசுங்கியிருக்கிறது, இரண்டு நாளில் உருண்டுவிடும். டேப்புக்கு ஒன்று, நசுங்கலுக்கு ஒன்று. "முப்பத்துமூணு" என்று எழுதுகிற நர்ஸிடம் சொன்னாள். டேப்பம்மா சொன்னால் மறுபடி யாரும் எடுத்துப் பார்ப்பதில்லை.

இழுபட்ட டேப் குப்பைக்கூடைக்குப் போகவேண்டும். நல்ல டேப் கொக்கிக்குப் போகவேண்டும். அந்த டேப்பை அவள் இரண்டிலும் போடவில்லை. சுருட்டித் தன் அங்கியின் உள்பையில் போட்டுக்கொண்டாள். இரும்பு ஸ்கேல் சுவருக்கு அந்தப் பக்கம்தான் இருந்தது.

வீட்டுக்குக் கொண்டுபோகும் முன் குழந்தையின் காதில் மிஷின் வைத்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் பதில் வரவில்லை. "காதுக்குள்ள தண்ணி நிக்கும் சில குழந்தைக்கு. அப்புறமா கூட்டிட்டு வாங்க" என்று மிஷின் வைத்த பெண் சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்லவும் முடியாது. ஏட்டில் தலை அளவு சரியாக இருந்த குழந்தை அது.

வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். குழந்தை அழவே இல்லை. "தங்கம் மாதிரி இருக்கா, இவன் மாதிரி ஊரைக் கூட்டல" என்றான் மாப்பிள்ளை. பால் குடிக்கத்தான் நேரம் எடுத்தாள். நாலு இழுப்பு, தூக்கம். மறுபடி நாலு இழுப்பு. உடம்புப் புள்ளிகள் மறைந்தன. லேசான மஞ்சள் இருந்தது, அது எத்தனையோ குழந்தைகளுக்கு இருப்பதுதான்.

ஒருநாள் தங்கை, பையன் பிறந்தபோது போட்ட கம்பளித் தொப்பியைத் தேடி எடுத்து மகளுக்கு மாட்டினாள். அது நழுவி மூக்கின் மேல் வந்து நின்றது.

"அக்கா, இங்க பாரேன், இவ முகத்தையே காணோம்!" தங்கை சிரித்தாள். சிரித்துவிட்டு நிறுத்தினாள். "இவனுக்குப் பொறந்த அன்னிக்கே இது இறுக்கமா இருந்துச்சு இல்ல?"

"ஆம்பளப் பிள்ள தலை பெரிசாத்தான் இருக்கும். தொப்பியும் துவைச்சுத் துவைச்சு நீண்டிருக்கும்."

"நீ அளந்தப்ப சரியாத்தான இருந்துச்சு?"

"நான் அளந்தா சரியாத்தான் இருக்கும்."

தங்கை அதற்கு மேல் கேட்கவில்லை. பிறந்ததிலிருந்து அவளுக்கு அக்கா சொல்தான் கடைசிச் சொல்.

அன்றைக்கே பையன் அடுக்களையில் ஒரு பாத்திர மூடியைத் தரையில் தள்ளிவிட்டான். அது சுழன்று சுழன்று போட்ட சத்தத்தில் அவனே பயந்து அலறினான். டேப்பம்மா குழந்தையைப் பார்த்தாள். விழித்துத்தான் இருந்தாள். கண் இமைகூட அசையவில்லை. ஒரு கை மட்டும் விரலை மடக்கிக் கட்டை விரலை உள்ளே வைத்தபடி கெட்டியாக இருந்தது. இவள் எழுந்து போய் மூடியை எடுத்துக் கழுவி, கழுவினதையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றாள்.

வார்டுக்கு ஒரு புது டாக்டர் வந்திருந்தாள். சின்ன வயசு, பேச்சு வேகம். ஒரு நாள் மதியம் நர்ஸ்களையும் உதவியாட்களையும் கூட்டி நிற்க வைத்தாள். தலை சின்னதாகப் பிறந்தாலோ, காது மிஷினில் தவறினாலோ, அந்தக் குழந்தையின் வாயில் பஞ்சு வைத்து எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியே ஆகவேண்டும், அதை யாரும் செய்வதில்லை என்பது அவள் குறை. ஏன் என்று சொல்ல ஆரம்பித்தாள்.

"ஒரு வைரஸ் இருக்கு. சின்னப் பசங்க எச்சில்லயும் மூத்திரத்துலயும் மாசக்கணக்கா இருக்கும். பசங்களுக்கு ஒண்ணும் பண்ணாது. பெரியவங்களுக்கு வந்தா ரெண்டு நாள் காய்ச்சல், அவ்வளவுதான். ஆனா வயித்துல குழந்தை இருக்கறப்ப அம்மாவுக்குப் புதுசா வந்துச்சுன்னா, ரத்தம் வழியா நஞ்சுக்கொடிக்குப் போய், அதைத் தாண்டிக் குழந்தைக்கும் போகலாம்."

"அப்படிப் பார்த்தா ஊர்ல எல்லாக் குழந்தையும் ஜொள்ளு விடுது டாக்டரம்மா. எல்லாருக்கும் கோளாறாவா பொறக்குது?" என்றாள் வார்டு கூட்டுகிறவள். அவளால் எதையும் கேட்காமல் இருக்க முடியாது.

"இல்ல, பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. நிறைய அம்மாக்களுக்குச் சின்ன வயசுலயே வந்து போயிருக்கும். அப்படி வராதவங்களுக்கு இப்பப் புதுசா வந்தாலும், பாதிக்கு மேல குழந்தைகிட்ட போகாமலே நின்னுடும். போனாலும் நிறைய குழந்தைங்க நல்லாத்தான் பொறக்கும். மூளை உருவாகற ஆரம்ப மாசத்துல போச்சுன்னாத்தான் ரொம்பக் கெடுதல்."

பலகையில் ஒரு வட்டம் போட்டாள். நடுவில் ஒரு பள்ளம். "இது மூளைக்கு நடுவுல தண்ணி நிக்கற அறை. இந்த அறையோட சுவர்லதான் தாய் செல்லுங்க இருக்கு. ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும், லட்சம் லட்சமாப் பெருகும். அதுல பொறக்கற புது செல்லுங்க அங்கயே நிக்கக்கூடாது. உள்ளேர்ந்து வெளிய வரைக்கும் நூல் கட்டின மாதிரி இழை போகும், அதைப் பிடிச்சுக்கிட்டு மேல ஏறி, தன் தன் அடுக்குக்குப் போய் உக்காரணும். முன்னாடி போனது கீழ் அடுக்கு. பின்னாடி வர்றது அதைத் தாண்டி மேல் அடுக்கு. இந்த வைரஸ் குறிப்பாப் போய்ப் புகுறது அந்தத் தாய் செல்லுக்குள்ள. அது ஒழுங்காப் பெருகாது. சிலது செத்துப்போகும். பொறந்ததுலயும் சிலது பாதி வழியிலயே நின்னுடும், சிலது தப்பான இடத்துல போய் உக்காந்துடும். செத்த இடத்துல சுண்ணாம்பு படிஞ்சு புள்ளி புள்ளியா நிக்கும். உள்ள வளர வேண்டியது வளராததால மண்டையும் சின்னதா நிக்குது."

"அப்புறமா வளந்துடாதா?" டேப்பம்மா கேட்டாள்.

"மத்த இடத்துல காயம் பட்டா புதுசா வளரும். இங்க அந்த மாசத்துல பொறக்க வேண்டிய செல் அந்த மாசத்துல பொறந்தாத்தான் உண்டு. போனது போனதுதான். ஆனா காது விஷயம் வேற. அது பொறந்தப்புறமும் கொஞ்சம் கொஞ்சமாப் போகும். அதை நிறுத்த மருந்து இருக்கு, முதல் மாசத்துக்குள்ள ஆரம்பிக்கணும். பரிசோதனையை மூணு வாரத்துக்குள்ள எடுக்கணும். தாண்டிட்டா, வயித்துலயே வந்துச்சா, வெளிய வந்தப்புறம் ஒட்டிக்கிச்சான்னு யாராலயும் பிரிச்சுச் சொல்ல முடியாது. அதான் சொல்றேன். இதுக்கெல்லாம் முதல் வாசல் உங்க டேப்தான்."

எல்லோரும் டேப்பம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள். பெருமைச் சிரிப்பு. "எங்க டேப்பம்மா கையில தப்பவே தப்பாது" என்றாள் பெரிய சிஸ்டர்.

கூட்டம் கலைந்தது. அவள் ஸ்டோர் ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஆணியிலிருந்து இரும்பு ஸ்கேலை இறக்கிப் பெட்டி மேல் வைத்தாள். உள்பையிலிருந்த டேப்பைப் பிரித்து அதன்மேல் படுக்க வைத்து, ஒரு நுனியை நகத்தால் அழுத்தி, மறு நுனி வரைக்கும் விரலால் நீவினாள். பத்தில் பத்து நின்றது. இருபதில் இருபது. முப்பத்தொன்றில் முப்பத்தொன்று, மயிரிழை பிசகாமல். ஓரத்தில் பிரிந்ததாக நினைத்த நூல், எங்கிருந்தோ ஒட்டிய பஞ்சு. ஊதினாள், போய்விட்டது.

மூன்று வாரம் முடிய இன்னும் சொற்ப நாள் இருந்தது.

டாக்டர் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். இவள் பின்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னாள். எழுதச் சொன்ன அளவு எது, டேப் காட்டிய அளவு எது, மூடி விழுந்தபோது என்ன ஆனது. டாக்டர் திட்டவில்லை. குழாயை மூடிவிட்டு, "நாளைக்குக் காலைல கொண்டு வாங்க. பால் குடிச்ச உடனே கூடாது, கொஞ்ச நேரம் கழிச்சு" என்றாள். பிறகு, "அம்மாவுக்குத் தெரியுமா?" என்றாள்.

"தெரியாது."

"நீங்கதான் சொல்லணும்."

மூன்று மாடி. அன்றைக்கு முட்டி வலிக்கவில்லை, அல்லது தெரியவில்லை. தங்கை குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு காலருக்கு நூல் வெட்டிக்கொண்டிருந்தாள். பையன் அவள் முதுகில் தொங்கிக்கொண்டிருந்தான்.

"நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வரணும். பாப்பாவுக்கு ஒரு டெஸ்ட்."

"காதுக்கா? அப்புறமா வரச் சொன்னாங்களே."

"தலைக்கு."

கத்தரி நின்றது. "தலைக்கு என்ன? நீ அளந்தியே."

"அளந்தேன். முப்பத்தொண்ணு இருந்துச்சு. டேப் சரியில்லன்னு நினைச்சு ரெண்டு கூட்டிச் சொல்லிட்டேன். டேப் சரியாத்தான் இருந்துச்சு."

தங்கை புரியாதவள்போல் பார்த்தாள். "நீ டேப்பை அளந்துட்டுத்தான குழந்தையை அளப்ப? ஊர்ப் பிள்ளைங்களுக்கு எல்லாம் அப்படித்தான பண்ணுவ?"

"ஆமா."

"என் பிள்ளைக்கு மட்டும் பண்ணலையா?"

பண்ண முடியவில்லை என்பதுதான் பதில். அதைச் சொன்னால் பாசத்தைக் காட்டித் தப்பிக்கிற மாதிரி ஆகிவிடும் என்று பட்டது. தரையில் கிடந்த நூல் துணுக்குகளைப் பொறுக்கினாள்.

"தொப்பி நீண்டுருக்கும்னு சொன்னியேக்கா" என்றாள் தங்கை. அப்போதுதான் அவள் குரல் உடைந்தது.

பஞ்சு எடுத்தார்கள், மூத்திரமும் எடுத்தார்கள். இரண்டிலும் அந்த வைரஸ் இருந்தது. தலையை ஸ்கேன் பண்ணிப் பார்த்ததில் நடு அறைகள் அகலமாக, அவற்றின் ஓரமெல்லாம் வெள்ளைப் புள்ளிகள், மேலே இருக்கவேண்டிய மடிப்புகள் குறைவாக. டாக்டர் படத்தைக் காட்டி மெதுவாகத்தான் சொன்னாள். நடப்பது தாமதமாகலாம், நடக்காமலும் போகலாம். வலிப்பு வரலாம். பேச்சு வருமா என்று இப்போது சொல்ல முடியாது. ஒரு காது போய்விட்டது. இன்னொன்று கொஞ்சம் கேட்கிறது, அதைக் காப்பாற்றத்தான் மருந்து. மருந்து கொடுக்கும்போது ரத்தத்தை அடிக்கடி பார்க்கவேண்டும்.

"மருந்து குடுத்தா மூளை சரியாயிடுமா மேடம்?" என்று மாப்பிள்ளை கேட்டான்.

"அது சரியாகாது. இதுக்கு மேல கெடாமப் பார்க்கலாம்."

"மோட்டார் போனா மாத்தலாம், கயிறு போனா மாத்தலாம்..." என்று ஆரம்பித்தவன் அப்படியே நிறுத்திக்கொண்டான்.

தங்கை ஒன்றைத்தான் கேட்டாள். "எங்கேர்ந்து வந்துச்சு?"

"அதை யோசிக்காதீங்க. யாருக்கு வேணா வரும். உங்க மேல தப்பு இல்ல."

"வீட்டுல பெரியவன் இருக்கான். ரெண்டு வயசு."

டாக்டர் உடனே பேசவில்லை. அந்தச் சின்ன இடைவெளியே போதுமானதாக இருந்தது. "அவன் மேலயும் தப்பு இல்ல" என்று அப்புறம்தான் சொன்னாள்.

பெரிய சிஸ்டர் டேப்பம்மாவை அளக்கும் அறையிலிருந்து எடுத்துத் துணிகள் மடிக்கும் இடத்துக்கு மாற்றினாள். சத்தம் போடவில்லை, அதுவே இவளுக்குக் கஷ்டமாக இருந்தது. வார்டு கூட்டுகிறவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து, வேடிக்கையாக ஏதாவது சொல்லப் பார்த்து, எதுவும் வராமல் இரண்டு போர்வையை மடித்துக் கொடுத்துவிட்டுப் போனாள். பெயர் மட்டும் மாறவில்லை. டேப்பம்மா என்று கூப்பிடும்போதெல்லாம் இன்னும் திரும்பினாள்.

வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. தங்கை அவளோடு பேசினாள், வேண்டியதை மட்டும். மருந்து நேரம், ரத்தம் எடுக்கிற நாள், தண்ணீர் பிடித்தாயிற்றா. அக்கா என்ற சொல் அதில் இருக்காது.

அதைவிடத் தாங்க முடியாதது வேறொன்று. பையன் பாதி கடித்த பிஸ்கட்டைக் கொண்டுபோய் அம்மா வாயருகே நீட்டுவான். அவள் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். முத்தம் கொடுக்க வந்தால் நெற்றியில் கை வைத்துத் தள்ளி நிறுத்துவாள். அடிக்கவில்லை, கோபமாகக்கூட இல்லை. இனி அவன் எச்சிலால் அவளுக்கோ அந்தக் குழந்தைக்கோ ஆவதற்கு ஒன்றும் மிச்சமில்லை என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. அவளுக்கும் தெரியும். கைதான் கேட்கவில்லை. பையன் ஒருநாள் பிஸ்கட்டை நீட்டியபடி வெகுநேரம் நின்றான். கை வலித்து இறக்கி, மறுபடி நீட்டினான். கடைசியில் சுவரோரம் போய்ப் பெரியம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தான்.

டேப்பம்மா அவன் கையிலிருந்ததை, எச்சிலில் ஊறிக் கூழாகிப்போனதை, வாங்கித் தன் வாயில் போட்டுக்கொண்டாள். மென்றாள். தங்கை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் இருக்கா மகாராஜா?" என்றாள் இவள்.

அவன் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டைத் தோண்டி எடுத்து, முதலில் தான் நக்கிவிட்டு, பெரியம்மா வாயில் வைத்தான். தங்கை எழுந்து உள்ளே போனாள். தையல் மிஷின் ஓடும் சத்தம் கேட்டது. சும்மாதான் ஓட்டினாள், துணி ஏதும் அதில் இல்லை.

மாதம் ஒருமுறை தலையை அளந்து வரச் சொல்லியிருந்தாள் டாக்டர். முதல் தடவை மாப்பிள்ளை முயற்சி பண்ணினான். எங்கே சுற்றுவது என்று தெரியாமல் மூன்று விதமாக மூன்று அளவு வந்தது. மறுநாள் அவன் வேலை செய்யும் இடத்திலிருந்து ஒரு இரும்பு ஸ்கேலைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்துவிட்டு, மனைவியைப் பார்க்காமல் சொன்னான்: "அண்ணியைத் தவிர வேற யாரு இருக்கா நமக்கு?"

சாயங்காலம் தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு இவள் அறை வாசலில் வந்து நின்றாள். ஒரு கையில் ஸ்கேல், ஒரு கையில் புது டேப்.

"முதல்ல இதுல வெச்சுக் காட்டு."

டேப்பம்மா தரையில் ஸ்கேலை வைத்து டேப்பை அதன்மேல் நீவினாள். தங்கை குனிந்து கோடு கோடாகப் பார்த்தாள்.

"சரி. இப்ப அவளுக்கு எடு. இழுத்துப் பிடி."

அன்றிலிருந்து மாதாமாதம் அப்படித்தான். அன்று மூன்றாவது மாதம். குழந்தை கண்ணைத் திறந்து ஜன்னல் பக்கம் பார்த்தபடி கிடந்தாள். தலை பின்னால் விழாமல் தங்கை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டாள். முதல் தடவை சுற்றியபோது போன மாத அளவே வந்தது. பிரித்துச் சுற்றினாள், அதுவே. மூன்றாம் தடவை பின்மண்டைப் புடைப்பை விரலால் தேடி, அதன்மேல் டேப்பைப் படிய வைத்து இழுத்தாள். ஒரு கோடு ஏறி நின்றது.

டேப்பைப் பிரித்தாள். "போன மாசம் இருந்ததுதான்" என்றாள்.

தங்கை அவள் கையைப் பிடித்தாள். "மூணாவது தடவை கூட வந்துச்சு. நான் பார்த்தேன்."

"ஒரு கோடுதான். கை தளர்ந்திருக்கும்."

"தளரல. மயிர் படிஞ்சிருந்துச்சு." கொஞ்சம் நிறுத்தினாள். "மூணுல பெரிசைத்தான சொல்லணும்? அதான உன் முறை?"

"ஆமா."

"அப்ப அதைச் சொல்லு அக்கா."

அவள் சொன்னாள். தங்கை ஒருமுறை அதைத் திருப்பிச் சொல்லிக்கொண்டாள். ஒரு கோடு. பெரியவனுக்கு இதே வயதில் ஒரு மாதத்தில் எவ்வளவு ஏறியது என்பது இரண்டு பேருக்கும் ஞாபகம் இருந்தது. டேப்பம்மா டேப்பைச் சுருட்டினாள். தங்கை ஸ்கேலை எடுத்துத் துடைத்து, அக்காவின் அறைச் சுவரில், துணிக்கொடி கட்டிய ஆணியிலேயே மாட்டினாள்.